பஹ்ரைன் அரசியல்: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

பஹ்ரைன் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது விசா, தினார், கார் பந்தயம். அரசியல் என்று பேச்சை எடுத்தால் "ஷியா சுன்னி சண்டைதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதி என்னவென்று அடிக்கடி கேட்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்கு உண்மையான அதிகாரம் உண்டா, இல்லையா என்ற ஒரே வழக்கு அந்தச் சின்னத் தீவில் எழுபது வருடமாக நடக்கிறது. வாதிகள் மாறியிருக்கிறார்கள், வழக்கு மாறவில்லை.

பஹ்ரைன் எவ்வளவு பெரிய நாடு?

ரொம்பச் சின்னது. சவூதியின் கிழக்குக் கரைக்கும் கத்தாருக்கும் நடுவே முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகள், எல்லாம் சேர்ந்தே சுமார் 780 சதுர கிலோமீட்டர். தலைநகர் மனாமா, பக்கத்துத் தீவில் பழைய தலைநகர் முஹர்ரக். மக்கள் தொகை ஏறக்குறைய 15 லட்சம், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர், வெளிநாட்டவரில் அதிகம் பேர் இந்தியர்கள். அதாவது இந்த அரசியல் சண்டை முழுவதும் ஏழு லட்சம் சொச்சம் குடிமக்களுக்குள் நடக்கிறது. அமைச்சர் ஒருவரையும் அவரை எதிர்த்துச் சிறைக்குப் போனவரையும் சிறு வயதிலிருந்தே தெரிந்தவர்கள் அங்கே நிறைய உண்டு.

ஆல் கலீஃபா என்கிறார்களே, அவர்கள் யார்?

அரச குடும்பம். "ஆல்" என்றால் வம்சம் என்று பொருள், "அந்த" என்று பொருள்படும் "அல்" வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கத்தார் கரையில் இருந்த சுபாரா என்ற ஊரில் வாழ்ந்த உதூப் குலத்தினர். 1783-இல் கடல் கடந்து வந்து, பாரசீகத்தின் சார்பாக ஆண்டுகொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டுத் தீவைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதே குடும்பம்தான்.

இவர்கள் சுன்னி அரபுகள். தீவில் முன்பே இருந்த, பேரீச்சந்தோப்பும் மீன்பிடியும் முத்துக்குளிப்புமாக வாழ்ந்த அரபு மக்கள் பெரும்பாலும் ஷியாக்கள். அவர்களை பஹார்னா என்பார்கள். இவர்களைத் தவிர பாரசீக வம்சாவளியினரான அஜம், பாரசீகக் கரையிலிருந்து திரும்பி வந்த சுன்னிகளான ஹுவலா என்று வேறு பிரிவுகளும் உண்டு. தீவைப் பிடித்த அஹ்மதுக்கு "அல் ஃபாதிஹ்", அதாவது வென்றவர், என்று பட்டம். நாட்டின் மிகப் பெரிய பள்ளிவாசலுக்கே அந்தப் பெயர்தான். ஒரு பக்கத்துக்கு அது பெருமை. இன்னொரு பக்கத்துக்கு அது தினமும் காதில் விழுகிற ஒரு நினைவூட்டல்.

பிரிட்டிஷார் அங்கே நேரடியாக ஆண்டார்களா?

காகிதத்தில் இல்லை, நடப்பில் கிட்டத்தட்ட ஆமாம். 1820-இல் ஆரம்பித்து 1861, 1880, 1892 என்று ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். கடைசியில் பிரிட்டனைக் கேட்காமல் வேறு எந்த நாட்டோடும் உறவு வைக்கக் கூடாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் நடத்தியது லண்டனைவிட பிரிட்டிஷ் இந்திய நிர்வாகம்தான். அதனால்தான் 1965 வரை பஹ்ரைன் கடைத்தெருவில் ஓடியது ரூபாய். வளைகுடாவுக்கென்றே தனி ரூபாயை ரிசர்வ் வங்கி 1959-இல் அச்சடித்துக் கொடுத்தது. தினார் வந்தபோது பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்று மாற்றினார்கள்.

1923-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள், ஐம்பது வருடத்துக்கு மேல் ஆண்ட ஷேக் ஈசா பின் அலியை ஒதுக்கிவிட்டு அவர் மகன் ஹமதிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். காரணம் சீர்திருத்தம் என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது, ஷியா விவசாயிகள் மட்டும் கட்டிவந்த தலைவரி போன்ற கொடுமைகள் அப்போதுதான் ஒழிந்தன. ஆனால் "எங்கள் ஆட்சியாளரை நீ யார் இறக்க" என்ற கோபம் சுன்னிக் குலங்களுக்குள் அன்றே விழுந்தது.

அப்புறம் சார்லஸ் பெல்கிரேவ். லண்டன் செய்தித்தாளில் வந்த ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்து மனுப்போட்டு, 1926-இல் ஷேக்கின் ஆலோசகராக வந்து இறங்கினார். 1957 வரை முப்பத்தோரு வருடம் இருந்தார். கஜானா, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் அவர் கைக்குள். பஹ்ரைன்காரர்கள் அவரை "முஸ்தஷார்" என்றே அழைத்தார்கள், ஆலோசகர் என்று அர்த்தம். ஆலோசனை யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எண்ணெய் வருவதற்கு முன்னால் என்ன தொழில்?

முத்து. மன்னார் சலாபத்தைப் பற்றி, அதாவது மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தத் தொழிலின் கணக்கு உடனே புரியும். படகுக்காரர் முன்பணம் கொடுப்பார், குளிப்பவர் அந்தக் கடனை அடைக்கவே ஆயுள் முழுதும் மூழ்குவார், செத்தால் கடன் மகன் தலைக்கு வரும். 1920-களில் இந்தக் கடன் கணக்குகளை ஒழுங்குபடுத்தப்போய் அதுவும் சிக்கலாகி, 1932-இல் முன்பணம் குறைந்த கோபத்தில் முத்துக்குளிப்பவர்களே கலகம் செய்தார்கள். இதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து தொழிலின் கழுத்தை நெரித்துவிட்டன.

அதே 1932-இல் ஜூன் மாதம் ஜபல் துகான் அருகே எண்ணெய் வந்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதல் எண்ணெய்க் கிணறு இதுதான், சவூதிக்கும் குவைத்துக்கும் முன்னால். ஆனால் அளவு குறைவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எண்ணெய் ஆலை, அங்கே தொழிலாளர் கூட்டம், பத்திரிகை, படித்த இளைஞர் சங்கங்கள் என்று எல்லாம் அக்கம்பக்கத்துக்கு முன்பே வந்துவிட்டன. மக்களின் வாயை அடைக்கும் அளவுக்குப் பணம் மட்டும் வரவில்லை. பஹ்ரைன் அரசியல் மற்ற வளைகுடா நாடுகளைவிடச் சூடாக இருப்பதற்கு என் கணக்கில் இதுதான் பாதிக் காரணம்.

1950-களில் ஏதோ பெரிய இயக்கம் என்கிறார்களே?

என்னைக் கேட்டால் பஹ்ரைன் வரலாற்றில் நின்று படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

1953 முஹர்ரம் ஊர்வலத்தில் சுன்னி ஷியா மோதல் வந்தது, அடுத்த வருடமும் தொடர்ந்தது. வழக்கமாக அதிலிருந்து பகைதான் வளரும். இங்கே தலைகீழாக நடந்தது. இரண்டு தரப்பிலும் இருந்த படித்த வியாபாரிகளும் இளைஞர்களும், "நாம் அடித்துக்கொண்டால் லாபம் யாருக்கு" என்று உட்கார்ந்து பேசினார்கள். அந்த நேரம் பார்த்து அரசு, டாக்ஸி ஓட்டுநர்கள் எல்லோரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சொல்ல, பிரீமியம் தாங்காமல் அவர்கள் 1954-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்துர் ரஹ்மான் அல் பாகிர் என்பவர் ஓட்டுநர்களே பணம் போட்டு நடத்தும் கூட்டுறவு நிதி ஒன்றை அமைத்துக் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்தார். ஒரு காப்பீட்டுச் சங்கத்திலிருந்து ஒரு தேசிய இயக்கம் கிளம்பியது என்று சொன்னால் மிகையில்லை.

1954 அக்டோபரில் 120 பேர் கொண்ட பொதுச்சபை ஒன்று உருவாகி, அதிலிருந்து எட்டு பேர் கொண்ட செயற்குழு. நான்கு சுன்னி, நான்கு ஷியா. கோரிக்கைகளும் நாலே நாலு: தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம், எழுதி வைத்த சட்டத் தொகுப்பு, தொழிற்சங்க உரிமை, மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆட்சியாளரை இறக்கு என்று யாரும் கேட்கவில்லை.

1956 மார்ச்சில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் செல்வின் லாய்ட் வந்தபோது முஹர்ரக்கில் அவருடைய கார் வரிசை மீது கல் விழுந்தது. பெல்கிரேவ் வெளியேற வேண்டும் என்ற குரல் வலுத்தது. அரசும் கொஞ்சம் இறங்கிவந்து, தேசிய ஐக்கியக் குழு என்ற புதுப் பெயரில் இயக்கத்தை அங்கீகரித்தது. நவம்பரில் சூயஸ் போர். எகிப்து மீது பிரிட்டன் குண்டு போட்டதை எதிர்த்து நடந்த ஊர்வலங்கள் தீவைப்பில் முடிய, அதைக் காரணம் காட்டித் தலைவர்களைப் பிடித்தார்கள். அல் பாகிர், அப்துல் அஸீஸ் அல் ஷம்லான், அல் அலிவாத் மூவரையும் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நெப்போலியனை வைத்திருந்த அதே செயின்ட் ஹெலினா தீவுக்கு. காப்பீட்டுச் சங்கம் நடத்தியவருக்கு அட்லாண்டிக் நடுவில் சிறை! பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வழக்கு போட்டு 1961-இல்தான் வெளியே வந்தார்கள்.

இயக்கம் போனது, அவசரநிலை வந்தது. 1965 மார்ச்சில் எண்ணெய்க் கம்பெனி நூற்றுக்கணக்கானோரை வேலையை விட்டு நிறுத்தியபோது மறுபடி தெருப் போராட்டம், மறுபடி சாவுகள். அடுத்த வருடம் பாதுகாப்புத் துறைக்குத் தலைவராக வந்தவர் இயன் ஹெண்டர்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கிய அனுபவசாலி. 1998 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டு கடந்தும் ரகசியப் போலீஸை நடத்தியது ஒரு வெள்ளைக்காரர்.

ஈரான் பஹ்ரைனைச் சொந்தம் கொண்டாடியது உண்மையா?

உண்மை. 1957-இல் ஈரான் பஹ்ரைனைத் தன் பதினான்காவது மாகாணம் என்றே அறிவித்தது. சூயஸுக்குக் கிழக்கே இருந்து 1971-க்குள் வெளியேறுவோம் என்று பிரிட்டன் 1968-இல் சொன்னதும் இது அவசரப் பிரச்சினையாகிவிட்டது. ஈரான் மன்னர் ஷா கௌரவமாகப் பின்வாங்க வழி தேடினார். 1969 ஜனவரியில் டெல்லிக்கு வந்திருந்தபோது, பலத்தைப் பயன்படுத்தமாட்டோம், மக்கள் விருப்பப்படி ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஐ.நா. சார்பில் வின்ஸ்பியர் குய்ச்சியார்டி என்ற இத்தாலியர் 1970 வசந்த காலத்தில் வந்தார். வாக்கெடுப்பு எல்லாம் இல்லை. சங்கங்கள், மன்றங்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று சில வாரம் விசாரித்தார். பெரும்பாலானோர், ஷியாக்களும் சேர்த்துத்தான், சுதந்திர அரபு நாடாக இருக்கவே விரும்புகிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். 1970 மே 11 அன்று பாதுகாப்புச் சபை அதை ஏற்றது. ஈரானும் ஒப்புக்கொண்டது. "ஷியாக்கள் எல்லாம் ஈரான் ஆட்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: 1970-இல் என்ன சொன்னார்கள் என்று பார்த்தீர்களா?

சுதந்திர தினம் ஆகஸ்ட் 15-ஆ, டிசம்பர் 16-ஆ?

விடுதலை அடைந்தது 1971 ஆகஸ்ட் 15. ஆமாம், இந்தியாவின் அதே தேதி. ஆனால் கொண்டாடுவது டிசம்பர் 16, அது முன்னாள் அமீர் ஈசா பின் சல்மான் அரியணை ஏறியதை ஒட்டிய நாள். வெளிநாட்டான் போன நாளை விட்டுவிட்டு ஆட்சியாளர் அமர்ந்த நாளைத் தேசிய தினமாக்கியிருக்கிறார்கள். முதலில் கத்தார், இன்றைய அமீரக நாடுகளோடு சேர்ந்து ஒன்பது பேர் கூட்டாட்சி என்று பேச்சு நடந்தது. ஒத்துவராமல் பஹ்ரைனும் கத்தாரும் தனித்தனியே போய்விட்டன.

முதல் பாராளுமன்றம் ஏன் இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை?

1973-இல் ஒரு அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அன்றைய வளைகுடாவுக்கு அது நல்ல சட்டம். டிசம்பர் 7 அன்று தேர்தல், ஆண்களுக்கு மட்டும் ஓட்டு, 30 பேர் தேர்வானார்கள். அமைச்சர்களும் பதவி வழியாக உள்ளே உட்காருவார்கள். இடதுசாரிகள் ஒரு அணி, ஷியா மதவாதிகள் ஒரு அணி, சுயேச்சைகள் ஒரு கூட்டம்.

1974-இல் அரசு பாதுகாப்புச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது: விசாரணை இல்லாமல் மூன்று வருடம் வரை உள்ளே வைக்கலாம். சபையில் எல்லா அணிகளும் சேர்ந்து இதை எதிர்த்தன. மதுக்கடை விஷயத்தில் முட்டிக்கொள்கிற இடதுசாரியும் மௌலவியும் இதில் ஒரே பக்கம். அரசால் அதை நிறைவேற்ற முடியவில்லை. 1975 ஆகஸ்ட் 26 அன்று அமீர் சபையைக் கலைத்தார். கலைத்தால் இரண்டு மாதத்தில் தேர்தல் வைக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னது. அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் இருபத்தேழு வருடம் தேர்தலே கிடையாது.

இந்த முழு ஆட்டத்திலும் பிரதமர், அமீரின் தம்பி கலீஃபா பின் சல்மான். 1970-இல் அரசாங்கத் தலைவரானவர் 2020 நவம்பர் 11-இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். அரை நூற்றாண்டு! உலகில் தேர்தலைச் சந்திக்காமல் இவ்வளவு காலம் பிரதமராக இருந்தவர் வேறு யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

80-களிலும் 90-களிலும்?

1979 ஈரான் புரட்சி காற்றை மாற்றியது. 1981 டிசம்பரில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்புச் சதி பிடிபட்டது, ஈரானில் புகலிடம் பெற்றிருந்த மதத் தலைவர் ஒருவரின் அமைப்பு, 73 பேருக்குத் தண்டனை. ஈரானின் கை என்ற குற்றச்சாட்டுக்கு ஓரளவு ஆதாரம் இருந்த சம்பவம் இது. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு போராட்டத்துக்கும் இதே முத்திரையைக் குத்துவது அரசுக்கு வசதியாகிவிட்டது.

1992-இலும் 1994-இலும் மனுக்கள் எழுதினார்கள். கேட்டது புரட்சி இல்லை: "1973 சட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள், சபையைக் கூட்டுங்கள்." சுன்னி வழக்கறிஞர்களும் இடதுசாரிகளும் ஷியா அறிஞர்களும் சேர்ந்து போட்ட கையெழுத்து. 1994 டிசம்பரில் ஷேக் அலி சல்மான் என்ற இளம் மதகுருவைப் பிடித்ததும் கிராமங்கள் பற்றிக்கொண்டன. 1999 வரை கலவரம், ஆயிரக்கணக்கில் கைது, நாற்பது பேர் அளவில் உயிரிழப்பு. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அப்துல் அமீர் அல் ஜம்ரியும் சிறைக்குப் போனார். வேலையில்லாத் திண்டாட்டமும் இதற்கு எண்ணெய் ஊற்றியது.

அமீர் எப்போது மன்னர் ஆனார்?

1999 மார்ச்சில் ஈசா இறந்து மகன் ஹமத் வந்தார். கைதிகளை விடுவித்தார், நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார், பாதுகாப்புச் சட்டத்தை ஒழித்தார். 2001 பிப்ரவரி 14, 15 தேதிகளில் தேசியச் செயல் சாசனம் என்ற சீர்திருத்தத் திட்டத்தின் மீது வாக்கெடுப்பு, 98.4 சதவீதம் ஆமாம். இதில் மோசடி என்று எதிர்க்கட்சியே சொல்லவில்லை, அவர்களும்தான் ஓடி ஓடி ஆதரவு திரட்டினார்கள். அன்றைய படங்களைப் பார்த்தால் ஷியா கிராமங்களில் ஹமதின் காரை மக்கள் மொய்க்கிறார்கள்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2002 பிப்ரவரி 14 அன்று, புது அரசியலமைப்பு. அமீர் ஆண்ட நாடு மன்னராட்சி நாடு ஆனது, அமீர் மன்னர் ஆனார். தேர்ந்தெடுத்த சபை சட்டம் இயற்றும், நியமன சபை யோசனை சொல்லும் என்றுதான் மக்கள் நினைத்திருந்தார்கள். வந்ததோ 40 பேர் தேர்வு, 40 பேர் மன்னர் நியமனம், சட்டம் இயற்றுவதில் இருவருக்கும் சமப் பங்கு. அரசியலமைப்பை எழுதியது அரண்மனை, ஓட்டுக்கு விடவில்லை. போதாததற்கு அதே வருடம் இன்னொரு ஆணை, பழைய சித்திரவதைகளுக்காக அதிகாரிகள் மீது வழக்குப் போட முடியாது என்று. பொதுமன்னிப்பு அடிபட்டவனுக்கும் அடித்தவனுக்கும் சேர்த்து.

ஷியாக்களின் பெரிய கட்சியான அல் விஃபாக் 2002 தேர்தலைப் புறக்கணித்தது, 2006-இல் இறங்கியது, 2010-இல் 40-க்கு 18 பிடித்தது. 18 தாண்டாதபடி தொகுதி எல்லைகள் இருந்தன: வடக்கே நெருக்கமான ஷியாத் தொகுதிகள், தெற்கே சில ஆயிரம் ஓட்டுக்கே ஒரு உறுப்பினர்.

2011-இல் என்ன நடந்தது?

துனீசியா, எகிப்துக்குப் பிறகு இளைஞர்கள் நாள் குறித்தார்கள்: பிப்ரவரி 14. ஏன் அந்த நாள் என்று இப்போது தெரிந்திருக்கும், சாசனத்துக்குப் பத்தாவது வருடம். முதல் நாளே ஒருவர் சாவு, அவர் சவ ஊர்வலத்தில் இன்னொருவர் சாவு. கூட்டம் மனாமாவின் லூலு சதுக்கத்தில் கூடாரம் போட்டது. லூலு என்றால் முத்து, நீங்கள் நினைக்கிற சூப்பர் மார்க்கெட் இல்லை. ஆறு தூண்கள் சேர்ந்து உச்சியில் ஒரு முத்தைத் தாங்கும் நினைவுச்சின்னம் அங்கே நின்றது, வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளைக் குறிக்க 1982-இல் கட்டியது.

17-ஆம் தேதி விடியுமுன் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். பட்டத்து இளவரசர் சல்மான் பேச்சுவார்த்தைக்கு வந்து, ராணுவத்தைப் பின்வாங்கச் சொல்ல, கூட்டம் இரண்டு மடங்காகத் திரும்பியது. விஃபாக்கின் 18 உறுப்பினர்களும் விலகினார்கள். மறுபக்கம் அல் ஃபாதிஹ் பள்ளிவாசல் முன்னால் சுன்னிகளின் பெருங்கூட்டம், அவர்களும் சீர்திருத்தம் கேட்டார்கள், ஆனால் ஆட்சிக்கு ஆதரவாக. அடுத்த மூன்று வாரத்தில் எதிரணியிலும் பிளவு. முடியாட்சி இருக்கட்டும், அதிகாரம் சபைக்கு வரட்டும் என்றவர்கள் ஒரு பக்கம், குடியரசு என்று முழங்கியவர்கள் ஒரு பக்கம். மார்ச் 13 அன்று இளவரசர், முழு அதிகாரமுள்ள சபை உள்ளிட்ட ஏழு அம்சங்களை முன்வைத்தார். அன்றே அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். தயங்கினார்கள்.

மறுநாளே சவூதியை இணைக்கும் கடல் பாலம் வழியாகச் சவூதிப் படை வந்தது, ஆயிரம் பேர் அளவில், கூடவே அமீரகப் போலீஸ். 15-ஆம் தேதி அவசரநிலை, 16-இல் சதுக்கம் காலி, 18-இல் முத்துத் தூணையே இடித்துத் தள்ளினார்கள். இடிக்கும்போது அது சரிந்து கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அந்தச் சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சதுக்கம் இருந்த இடம் இப்போது சாலைச் சந்திப்பு, பெயரும் வேறு.

பிறகு வேட்டை. காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த சல்மானியா ஆஸ்பத்திரி டாக்டர்கள் மீது வழக்கு. ஆயிரக்கணக்கானோர் வேலை பறிபோனது. ஷியாப் பள்ளிவாசல்கள் பலவற்றை அனுமதி இல்லை என்று இடித்தார்கள். அந்த வருட ஃபார்முலா ஒன் பந்தயமும் ரத்து.

இது ஷியா-சுன்னிச் சண்டை இல்லை என்கிறீர்களா?

மதம் இல்லை என்று சொல்லவில்லை. ராணுவம், போலீஸ் வேலைகளில் ஷியாக்களைச் சேர்ப்பது அபூர்வம், அதே வேலைக்கு பாகிஸ்தான், சிரியா, ஜோர்டான், யேமனிலிருந்து சுன்னிகளைக் கொண்டுவந்து குடியுரிமையும் கொடுக்கிறார்கள் என்பது எதிர்க்கட்சிகளின் பழைய குற்றச்சாட்டு. பிரிவு வாரியாகக் கடைசியாக எண்ணியது 1941-இல், அப்போதே ஷியாக்கள் பாதிக்குச் சற்று மேல். அதற்கப்புறம் எண்ணவே இல்லை.

ஆனால் 1954-இன் எட்டு பேர், 1974-இன் சபை, 1992 மனு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2011-இல் தலைவர்கள் மீது நடந்த பெரிய வழக்கில் மனித உரிமைப் போராளி அப்துல் ஹாதி அல் கவாஜாவுக்கு ஆயுள் தண்டனை, அதே வழக்கில் இடதுசாரிக் கட்சியான வஃதின் தலைவர் இப்ராஹிம் ஷரீஃபுக்கு ஐந்து வருடம். ஷரீஃப் சுன்னி. இரண்டு தரப்பும் சேர்ந்து நிற்கும்போதுதான் ஆட்சிக்குப் பயம், பிரிந்து நின்றால் சமாளித்துக்கொள்ளலாம்.

ஈரான் தூண்டியதற்கு ஆதாரம் உண்டா?

2011-க்கு மன்னரே ஒரு விசாரணைக் குழு அமைத்தார், தலைவர் ஷெரீஃப் பஸியூனி என்ற எகிப்திய அமெரிக்கச் சட்ட அறிஞர். நவம்பர் 23 அன்று மன்னரை எதிரே வைத்துக்கொண்டே அறிக்கையைச் சொன்னார்: 35 சாவுகள், அதில் ஐந்து பேர் காவலில் சித்திரவதையால். திட்டமிட்ட சித்திரவதை நடந்திருக்கிறது. ஈரான் அரசுக்குத் தொடர்பு இருந்ததாகத் தங்களுக்குக் காட்டிய ஆதாரங்களிலிருந்து நிறுவ முடியவில்லை. இப்படி ஒரு அறிக்கையை எதிரே உட்கார்ந்து கேட்ட அரபு மன்னர் அபூர்வம், அந்தப் பாராட்டைக் கொடுத்துவிடலாம். பரிந்துரைகளைச் செயல்படுத்தியதில் அவ்வளவு பாராட்ட ஒன்றுமில்லை. பிந்தைய வருடங்களில் ஆயுதம் ஏந்திய சிறு குழுக்கள் ஈரான் பக்கம் சாய்ந்தது வேறு கதை.

அதற்குப் பிறகு?

கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அலி சல்மான் சிறைக்குப் போனார், 2018-இல் கத்தாருக்கு உளவு பார்த்ததாக ஆயுள் தண்டனை. 2016-இல் விஃபாக் கலைப்பு, மூத்த மதத் தலைவர் ஈசா காசிமின் குடியுரிமை பறிப்பு. 2017-இல் திராஸ் கிராமத்தில் அவர் வீட்டு முன் அமர்ந்திருந்தவர்களைக் கலைத்தபோது ஐந்து பேர் சாவு. அதே வருடம் வஃதும் கலைப்பு, ஓரளவு சுதந்திரமாக எழுதிய அல் வசத் பத்திரிகையும் மூடல். கலைக்கப்பட்ட கட்சிக்காரர்கள் தேர்தலில் நிற்கக்கூடாது என்று 2018-இல் சட்டம். தேர்தல் மட்டும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது.

2020 நவம்பரில் பழைய பிரதமர் இறந்ததும் பட்டத்து இளவரசர் சல்மான் பிரதமரானார். 2024 ஏப்ரலில் 1,584 கைதிகளுக்கு மன்னிப்பு, அரசியல் கைதிகள் பல நூறு பேர் வீடு திரும்பினார்கள். கவாஜாவும் அலி சல்மானும் அந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவும் சவூதியும் ஏன் இவ்வளவு கவலைப்படுகின்றன?

அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தலைமையகம் மனாமாவின் ஜுஃபைரில் இருக்கிறது, 1971-இல் பிரிட்டிஷார் விட்டுப்போன இடம். அதனால் வாஷிங்டனின் கண்டனம் எப்போதும் மெல்லிய குரலில்தான் வரும். 2020 செப்டம்பரில் பஹ்ரைன் இஸ்ரேலோடு உறவு ஏற்படுத்திக்கொண்டதும் இந்தப் பக்கத்துக் கணக்குதான்.

சவூதிக்கு இது வாசற்படி. எதிரே இருக்கும் சவூதியின் கிழக்கு மாகாணத்தில்தான் அந்த நாட்டின் ஷியாக்களும் எண்ணெயும் இருக்கின்றன, இங்கே பற்றினால் அங்கே பரவும் என்ற பயம். 1986-இல் 25 கிலோமீட்டர் பாலத்தைச் சவூதிப் பணத்தில்தான் கட்டினார்கள். பஹ்ரைன் பட்ஜெட்டுக்கு முக்கிய வரவு சவூதியோடு பங்கிடும் அபூ சஃபா கடல் எண்ணெய் வயல். 2018-இல் கடன் முற்றியபோது சவூதி, அமீரகம், குவைத் சேர்ந்து 1,000 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டன.

கத்தாரோடு என்ன தகராறு?

ஹவார் தீவுகள். சர்வதேச நீதிமன்றம் 2001 மார்ச் 16 அன்று ஹவாரை பஹ்ரைனுக்கும், சுபாராவைக் கத்தாருக்கும் கொடுத்தது. அரச குடும்பத்தின் பூர்வீக ஊர் கை நழுவியது அவர்களுக்கு வருத்தம்தான். 2017-இல் கத்தாரைத் தனிமைப்படுத்திய நாடுகளில் பஹ்ரைனும் ஒன்று.

பெண்களுக்கு ஓட்டு?

2002-இலிருந்து. 2006-இல் லத்தீஃபா அல் கஊத் போட்டியின்றி வென்று முதல் பெண் உறுப்பினரானார், 2018-இல் ஃபௌசியா சைனல் சபாநாயகரானார்.

அங்கே வேலைக்குப் போகிறேன், இதெல்லாம் எனக்கு எதற்கு?

மனாமாவில் சில கிராமங்களுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் சுவரெழுத்தை அழித்து அடித்த வெள்ளைப் பூச்சைத் திட்டுத் திட்டாகப் பார்ப்பீர்கள், முஹர்ரம் மாதம் தெருவெல்லாம் கறுப்புக் கொடி கட்டுவார்கள், ஆஷுராவுக்கு இரண்டு நாள் அரசு விடுமுறை வரும். ஏன் என்று தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான். போராட்டம் எங்காவது நடந்தால் வேடிக்கை பார்க்கவோ செல்போனில் படம் எடுத்துப் பகிரவோ போகாதீர்கள். மன்னரைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதி உள்ளூர்க்காரர்களே சிறைக்குப் போகிறார்கள், வெளிநாட்டவர் என்றால் அதோடு விசாவும் போகும். டாக்ஸியில் ஓட்டுநராக வயதான பஹ்ரைன்காரர் ஒருவர் கிடைத்து, அவராகவே பழைய கதை பேச ஆரம்பித்தால் மட்டும் காதைக் கொடுங்கள். நீங்களாகக் கேட்க வேண்டாம்.